அண்ணன் தூக்கத்தில் அடித்த பாம்பு

கொஞ்சம் நீளமான பதிவு இது. அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை அனுப்பியிருந்தான். எலியின் மூளைத்தண்டில் இருக்கும் அசிடைல்கோலின் நரம்பு செல்கள் மூளை முழுக்க எங்கெங்கே தொடர்பு வைத்திருக்கின்றன என்று வரைபடம் போட்டிருக்கிறார்கள். கீழே, "சார், நீங்க பிளஸ் டூவில் நடத்தின தவளை இதயம் ஞாபகம் வந்துச்சு" என்று எழுதியிருந்தான். எனக்குத் தவளை ஞாபகம் வரவில்லை. என் பெரியண்ணன் ஞாபகம்தான் வந்தது.

நம் குடும்பத்தில் பெரியவர்களுக்கு இந்த விஷயம் தெரியும். சின்னவர்கள் அரைகுறையாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1988 வாக்கில் அண்ணி ஒரு நாள் கன்னத்தில் வீக்கத்தோடு தண்ணீர் எடுக்க வந்தார். கேட்டதற்கு, "தூக்கத்துல பாம்பை அடிக்கிறேன்னு கையை வீசிட்டாரு" என்றார். யாரும் நம்பவில்லை. புருஷனைக் காட்டிக்கொடுக்காத பொம்பளை என்று பேசிக்கொண்டார்கள். விலங்கியல் வாத்தியாரான நானும் நம்பவில்லை. கொட்டாய்க்குப் போய் அண்ணனை நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்டேன். "வாத்தியார் வீட்டு ஆளு பொண்டாட்டியைக் கை நீட்டலாமா?" அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று முதல் மாட்டுக்கொட்டகையில் கயிற்றுக் கட்டில் போட்டுத் தனியாகப் படுக்க ஆரம்பித்தார். ராத்திரி அங்கிருந்து கத்தல் வரும், காலால் உதைக்கும் சத்தம் வரும். காத்துக் கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். நான் அதையும் தடுக்கவில்லை.

இனி எழுதப் போவது அந்தக் கயிற்றுக் கட்டிலுக்கும் இந்த வரைபடத்துக்கும் இடையில் உள்ள சரித்திரம். எனக்கு இது முழுதாகப் புரிய இருபது வருடத்துக்கு மேல் ஆனது.

தவளையில் இருந்தே தொடங்குகிறேன். ஆஸ்திரியாவில் கிராட்ஸ் என்ற ஊரில் ஓட்டோ லோவி என்று ஒருவர். நரம்பு தசைக்கு மின்சாரம் மூலம் சேதி சொல்கிறதா, ரசாயனம் மூலம் சொல்கிறதா என்பது அப்போது பெரிய சண்டை. ஒரு ராத்திரி கனவில் அவருக்கு ஒரு சோதனை தோன்றியது. எழுந்து துண்டுச்சீட்டில் கிறுக்கிவிட்டுப் படுத்தார். காலையில் தன் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை! மறுநாள் ராத்திரி மூன்று மணிக்கு அதே எண்ணம் திரும்ப வந்தது. இந்த முறை சீட்டை நம்பாமல் நேரே ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். இரண்டு தவளை இதயங்கள். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தில் இருந்த உப்புநீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. அப்படியானால் நரம்பு ஏதோ ஒரு பொருளைக் கசியவிடுகிறது. 1921இல் இதை வெளியிட்டார். அந்தப் பொருள்தான் அசிடைல்கோலின். இங்கிலாந்தின் ஹென்றி டேல் அதன் குணங்களை 1914லேயே விவரித்திருந்தார். இருவருக்கும் 1936இல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து நாஜிகள் லோவியைச் சிறையில் போட்டு, பரிசுப் பணத்தையும் எழுதி வாங்கிக்கொண்டுதான் நாட்டை விட்டு வெளியே விட்டார்கள் என்பதை வகுப்பில் சொல்வேன். அதை மட்டும் எல்லாரும் மறக்காமல் பரீட்சையில் எழுதுவீர்கள்.

இதயத்துக்கும் தசைக்கும் சேதி கொண்டுபோகும் பொருள் மூளைக்குள்ளும் இருக்கிறதா, இருந்தால் எந்தச் செல்களில்? இதைக் கண்டுபிடிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. இத்தாலியின் கால்ஜி 1873இல் வெள்ளி உப்பு முறையில் செல்களைக் கறுப்பாக்கிக் காட்டினார். ஸ்பெயினின் கஹால் அதே முறையை வைத்து ஒவ்வொரு செல்லாக வரைந்தார். ஆனால் எந்தச் செல் எந்த ரசாயனத்தைப் பேசுகிறது என்று அந்தச் சாயம் சொல்லாது.

வழி வேறு திசையில் இருந்து வந்தது, விஷத்தில் இருந்து. நம் மாவட்டத்தில் இதை விளக்கவே வேண்டாம். தக்காளிக்கு மருந்து அடிக்கப் போய் மயங்கி விழுந்தவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். வாயில் எச்சில் ஒழுகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், மூச்சு திணறும். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து உடம்பில் என்ன செய்கிறது என்றால், அசிடைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுகிறது. சொல்லி முடித்த சேதி அழியாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆஸ்பத்திரியில் போடும் அட்ரோபின் ஊசி அந்தச் சேதியைக் காதில் விழாமல் மறைக்கிறது. அட்ரோபின் நம் வேலியோரத்து ஊமத்தையிலும் உண்டு. (அதனால்தான் ஊமத்தங்காய் தின்றால் வாய் வறண்டு பிதற்றல் வரும். பச்சிலை வைத்தியம் என்று யாரும் முயற்சி செய்து பார்க்காதீர்கள்.)

இந்த நொதிக்குச் சாயம் ஏற்றும் முறையை அமெரிக்காவில் கெல்லியும் பிரீடன்வால்டும் 1949இல் வெளியிட்டார்கள். நொதி இருக்கும் இடமெல்லாம் பழுப்புக் கறுப்பாகப் படியும். அதைப் பிடித்துக்கொண்டு கேம்பிரிட்ஜில் ஷூட், லூயிஸ் என்ற இரண்டு பேர் எலி மூளையில் இறங்கினார்கள். அவர்கள் செய்த தந்திரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாய்க்காலில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் நாம் என்ன செய்வோம்? நடுவில் மண்ணைப் போட்டு அடைத்துப் பார்ப்போம். எந்தப் பக்கம் தேங்குகிறதோ அந்தப் பக்கம் ஊற்று. அவர்களும் நரம்பிழைக் கற்றையை வெட்டிவிட்டுச் சில நாள் கழித்துப் பார்த்தார்கள். செல் இருக்கும் பக்கம் நொதி தேங்கியது, மறுபக்கம் வற்றியது. இப்படி வெட்டி வெட்டியே, மூளைத்தண்டில் இருந்து மேல்நோக்கிப் போகும் அசிடைல்கோலின் பாதைகளை 1967இல் வரைந்து காட்டினார்கள்.

மூளைத்தண்டு என்பது பெருமூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் கட்டைவிரல் அளவுத் துண்டு. அவ்வளவு சின்ன இடத்துக்கு இத்தனை முக்கியத்துவமா என்று கேட்டால், நம் அதியமான்கோட்டையையே உதாரணம் சொல்வேன். ஊர் சின்னது. அதியமானின் மண்கோட்டையும் கரைந்துவிட்டது. ஆனால் சேலம் போகிறவன், பெங்களூர் போகிறவன், பாலக்கோடு வழியாக ஓசூர் போகிறவன் எல்லாரும் நம் ஊர் முக்கைத் தொட்டுத்தான் பிரிய வேண்டும். இங்கே ஒரு லாரி கவிழ்ந்தால் மூன்று ஊர்ச் சந்தைக்கும் காய் போகாது.

அந்த முக்கில் என்ன நடக்கிறது என்பதை வேறு சிலர் வேறு வழியில் தேடிக்கொண்டிருந்தார்கள். அதே 1949இல் மொருஸ்ஸி, மாகூன் இருவரும் மயக்கத்தில் இருந்த பூனையின் மூளைத்தண்டில் மின்தூண்டல் கொடுத்தார்கள். மூளை அலைகள் விழித்திருக்கும் அலைகளாக மாறின. 1966இல் மாஸ்கோவில் ஷிக், செவெரின், ஓர்லோவ்ஸ்கி மூவரும் நடுமூளையில் ஒரு புள்ளியைத் தூண்டினார்கள். மேல்மூளைத் தொடர்பு அறுபட்ட பூனை நடக்க ஆரம்பித்தது. தூண்டலைக் கூட்டினால் ஓடியது, இன்னும் கூட்டினால் பாய்ந்தது. ஆக, விழிப்பும் நடையும் பக்கத்துப் பக்கத்து வீடு.

கனவும் அதே தெருதான். பிரான்சில் லியோன் நகரில் மிஷேல் ஜூவே என்பவர் பூனைகளின் தூக்கத்தை ஆராய்ந்தார். கண்விழி வேகமாக அசையும் தூக்கம் ஒன்று உண்டு, நாம் கனவு காண்பது பெரும்பாலும் அப்போதுதான் என்று சிகாகோவில் 1953லேயே கண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் உடம்புத் தசைகள் முற்றிலும் தளர்ந்து கிடக்கின்றன என்பதை ஜூவே 1959இல் கண்டார். மூளை விழித்திருப்பது போல ஓடும், உடம்பு பிணம் போலக் கிடக்கும். தளர்த்துவது யார் என்று தேடியவர், மூளைத்தண்டில் பான்ஸ் என்ற பகுதியில் ஒரு சின்ன இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தார். அப்போது நடந்ததைத்தான் நான் பிற்பாடு படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தேன். பூனை தூங்கும். கனவுத் தூக்கம் வந்ததும் எழுந்து நிற்கும். இல்லாத இரையைப் பதுங்கிப் பின்தொடரும், பாயும், இல்லாத எதிரியோடு சண்டை போடும். எதிரில் நடப்பது எதையும் அது கவனிக்காது. ஏனென்றால் அது தூங்கிக்கொண்டிருக்கிறது. இது 1965இல் வெளியானது. நான் அண்ணனை நாலு பேர் முன்னால் நிறுத்தியது 1988இல்.

பாதைகளுக்கு வருவோம். ஷூட், லூயிஸ் வரைபடத்தில் ஒரு குறை இருந்தது. அந்த நொதி அசிடைல்கோலினைக் கேட்கும் செல்களிலும் இருக்கும், சம்பந்தமில்லாத சில செல்களிலும் இருக்கும். குப்பைத்தொட்டி இருக்கும் வீடெல்லாம் சமையல் நடக்கும் வீடு என்று கணக்கெடுத்த மாதிரி. அசிடைல்கோலினைத் தயாரிக்கும் நொதி எங்கே இருக்கிறது என்று பார்த்தால்தான் அடுப்படி தெரியும். அந்த நொதியை ஒட்டிப் பிடிக்கும் எதிர்ப்பொருட்கள் வந்த பிறகு அதுவும் முடிந்தது. துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த மார்செல் மெசுலம் குழுவினர் 1983இல் எலி மூளையின் அசிடைல்கோலின் செல்கூட்டங்களுக்கு ஒன்று முதல் ஆறு வரை வார்டு எண் போட்டார்கள். ஐந்தும் ஆறும் மூளைத்தண்டில் இருப்பவை. அவற்றின் இழைகள் அதிகமாகப் போவது தலாமஸ் என்ற நடுச் சந்திப்புக்கு. மேல்மூளை விழித்திருப்பதற்கு அவையும் ஒரு காரணம். இன்னும் சில இழைகள் கறுப்புப் பொருள் என்று பாடத்தில் படித்தீர்களே, டோபமின் செல்கள் இருக்கும் இடம், அங்கே போகின்றன. பார்க்கின்சன் நோயில் அழிவது அந்த டோபமின் செல்கள்தான்.

1987இல் பாரிசின் ஹிர்ஷும் கூட்டாளிகளும் பார்க்கின்சனில் இறந்தவர்களின் மூளைகளை எடுத்துப் பார்த்தபோது, டோபமின் செல்கள் மட்டும் அல்ல, ஐந்தாம் வார்டு அசிடைல்கோலின் செல்களும் பெருமளவு குறைந்திருந்தன. அதற்கு முந்தின வருடம், 1986இல், அமெரிக்காவின் மினியாபொலிசில் ஷெங்க், மஹோவால்டு என்ற மருத்துவர்கள் ஐந்து முதியவர்களைப் பற்றி எழுதியிருந்தார்கள். நால்வர் ஆண்கள். தூக்கத்தில் கத்துவது, குத்துவது, கட்டிலில் இருந்து பாய்வது. ஒருவர் கால்பந்து விளையாடுவதாகக் கனவு கண்டு பாய்ந்து அலமாரியில் முட்டிக்கொண்டார். பகலில் அவர்கள் சாதுவான மனிதர்கள். ஜூவேயின் பூனைக்கு ஆனதே இவர்களுக்கும் ஆகியிருக்கிறது என்று கண்டு, அதற்குத் தனி நோயாகப் பெயர் வைத்தார்கள். பத்து வருடம் கழித்து அவர்கள் எழுதிய இன்னொரு கட்டுரையில் 29 ஆண்களைத் தொடர்ந்து கவனித்ததில் 38 சதவீதம் பேருக்குப் பார்க்கின்சன் வகை நோய் வந்திருந்தது. 2013இல் மீண்டும் கணக்குப் பார்த்தபோது அது 81 சதவீதத்தைத் தொட்டது.

இங்கே ஒரு வாத்தியார் எச்சரிக்கை. கனவில் தசையைத் தளர்த்தும் முக்கிய வேலையைச் செய்வது அசிடைல்கோலின் செல்கள் இல்லை. அவற்றை ஒட்டியே இருக்கும் வேறு வகைச் செல்கள். அசிடைல்கோலின் செல்கள் கனவுத் தூக்கத்தைத் தொடங்கிவைக்க உதவுகின்றன. 2015இல் எலிகளில் இந்தச் செல்களை மட்டும் ஒளியால் தூண்டியபோது கனவுத் தூக்கம் அடிக்கடி வந்தது. அடுத்தடுத்த வீடுகள் என்பதால் ஒரே நோய் இரண்டையும் சேர்த்து அரிக்கிறது. தூக்கத்தில் உளறுகிறவர்களுக்கெல்லாம் பார்க்கின்சன் வரும் என்றும் அர்த்தம் இல்லை. சித்தப்பா சொன்னார் என்று யாரையும் பயமுறுத்தாதீர்கள். ஐம்பது வயதுக்கு மேல் கனவுக்கு ஏற்றபடி கை கால் வீசி, தனக்கோ பக்கத்தில் படுத்தவருக்கோ அடிபடுகிறது என்றால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து இருக்கிறது. அதுவரை கட்டிலைத் தரையோடு தாழ்த்திப் போடுங்கள்.

அண்ணனுக்கு 2001இல் கை நடுக்கம் வந்தது. பெங்களூருக்கு அழைத்துப் போனோம். பார்க்கின்சன் என்றார்கள். நடை குறுகியது. அதைவிடக் கொடுமை, வாசற்படிக்கு வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவார். ஐந்தாம் வார்டு செல்கள் அழிவதற்கும் இப்படிக் கால் உறைவதற்கும் சம்பந்தம் உண்டு என்று இன்று பலர் கருதுகிறார்கள். 2005இல் பிரிட்டனிலும் இத்தாலியிலும் அந்த இடத்திலேயே மின்கம்பி வைத்துத் தூண்டிப் பார்த்தார்கள். சிலருக்கு நன்மை, சிலருக்குப் பலன் இல்லை. இந்த வகை அறுவையில் நம் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. பி. ராமமூர்த்தி 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அவர் குழுவில் வளர்ந்த டி. எஸ். கனகா, ஆசியாவிலேயே இந்தத் துறைக்கு முதலில் வந்த பெண்களில் ஒருவர், மூளைக்குள் மின்முனை வைக்கும் வேலையை எழுபதுகளிலேயே செய்தவர்.

நம் வீட்டில் அண்ணி வேறு வைத்தியம் கண்டுபிடித்தார். ஒரு நாள் வாசலில் கோலம் போட்டிருந்த இடத்தில் அண்ணன் தடங்கல் இல்லாமல் காலைத் தூக்கி வைத்துப் போனதைக் கவனித்திருக்கிறார். மறுநாள் வீட்டுக்குள் இருந்து வாசல் வரை ஒரு அடிக்கு ஒரு கோடாகக் கோலமாவால் குறுக்கே இழுத்துவிட்டார். அண்ணன் ஒவ்வொரு கோடாகத் தாண்டித் தாண்டி வெளியே வந்தார்! தரையில் கோடு தெரிந்தால் உறைந்த கால் நகரும் என்பது மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறது. அண்ணி ஐந்தாம் வகுப்பு. எந்தப் புத்தகத்தையும் பார்த்தவர் இல்லை. அண்ணன் 2009 மாசியில் காலமானார். அதுவரை தினமும் அந்தக் கோடுகள் இருந்தன.

இப்போது அந்த மாணவன் அனுப்பிய கட்டுரை. இன்றைக்குப் பாதை வரைய வெறிநாய்க்கடி வைரஸைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் நம்புவீர்களா? நம் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் எதை எதிர்த்து வேலை செய்ததோ அதே வைரஸ். நாய் கடித்த இடத்தில் இருந்து அது நரம்பு வழியே பின்னோக்கி ஏறும். ஒரு செல்லில் இருந்து அதற்குச் சேதி சொல்லும் செல்லுக்குத் தாவும், அப்படியே மூளை வரை போகும். 2007இல் அமெரிக்காவில் விக்கர்ஷாம், காலவே குழுவினர் தாவுவதற்குத் தேவையான மரபணுவை வைரஸில் இருந்து நீக்கிவிட்டார்கள். தாங்கள் தேர்ந்தெடுத்த செல்களில் மட்டும் அந்த மரபணுவைக் கொடுத்தார்கள். ஆகவே வைரஸ் ஒரே ஒரு தாவு தாவும், அங்கேயே நின்றுவிடும். அதோடு ஒளிரும் புரதத்தையும் சேர்த்துவிட்டால், யார் யார் இந்தச் செல்லுக்குச் சேதி சொல்கிறார்கள் என்று பளிச்சென்று தெரியும்.

இன்னொரு பக்கம் சீனாவின் ஊகானில் எலி மூளை முழுவதையும் பிசினில் இறுக்கி, மைக்ரான் பருமனில் 15,000க்கும் மேற்பட்ட சீவல்களாகச் சீவிக்கொண்டே படம் எடுக்கும் இயந்திரத்தை 2010இல் காட்டினார்கள். அந்த ஊர் ஆராய்ச்சியாளர்கள் இந்த இரண்டு வித்தையையும் மூளைத்தண்டின் அசிடைல்கோலின் செல்களுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு சின்னக் கூட்டம். அதன் இழைகள் மேலே தலாமஸ், ஹைபோதலாமஸ், பக்கத்தில் கண் அசைவைப் பார்க்கும் மேடு, டோபமின் செல்கள், கீழே முகுளம் என்று கிளை பிரிந்து பரவுகின்றன. பல திசையில் இருந்தும் அதற்குச் சேதி வருகிறது. விழிப்பு, கனவு, நடை மூன்றும் ஏன் ஒரே நோயில் சேர்ந்து கெடுகின்றன என்பதற்கு இந்தப் படத்தைவிட நல்ல விளக்கம் நான் பார்த்ததில்லை.

மனித மூளைக்கு இப்படிச் செய்ய முடியாது. உயிரோடு இருக்கும் மனிதனுக்குள் அந்த வைரஸை யார் விடுவது? ஆனால் செல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற படத்தை சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் போட்டுவருகிறது. 2024 டிசம்பரில் 'தரணி' என்ற தொகுப்பை உலகத்துக்கு இலவசமாகத் திறந்துவிட்டார்கள். பிறக்காமலே போன ஐந்து சிசுக்களின் மூளைகள், 5,132 சீவல்கள். பெங்களூர் நிம்ஹான்சில் 1995 முதல் மூளை வங்கியும் இருக்கிறது. இறந்தவர்களின் குடும்பத்தார் சம்மதித்துக் கொடுப்பது அங்கே சேர்கிறது. பாரிசில் ஐந்தாம் வார்டை எண்ணியதும் அப்படிக் கிடைத்த மூளைகளில்தான்.

இதை எல்லாம் எழுதி முடித்துவிட்டு நேற்று சாயங்காலம் கொட்டாய்க்குப் போனேன். அண்ணிக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. முற்றத்தில் உட்கார்ந்து முழுவதையும் படித்துக் காட்டினேன். 1988இல் நான் அண்ணனிடம் பேசியது தப்பு என்பதையும், அன்றைக்கு இருந்த நாலு பேரில் இரண்டு பேர் இந்தப் பதிவைப் படிப்பார்கள் என்பதையும் சொன்னேன். அண்ணன் பிள்ளைகளே, உங்கள் அப்பா உங்கள் அம்மாவை அடித்தவர் இல்லை. அதைப் பொதுவில் எழுத வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

அண்ணி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் அப்பவே சொன்னேனே தம்பி, பாம்புன்னு" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பூனைங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. காபி போடச் சொல்லி மருமகளைக் கூப்பிட்டார்.